தேவசகாயத்தின் இடது கால்

இறந்துபோன தேவசகாயத்தைப் போலவே செய்த இயந்திர நகல் உடல் மருத்துவமனைப் பயிற்சிக் கூடத்தில் கிடந்தது. அவர் உயிரைக் குடித்த அடைப்பு அதன் இடது காலிலும் அப்படியே இருந்தது. இளம் டாக்டர்கள் தொடை வழியாக ரத்தக் குழாய்க்குள் கம்பி செலுத்தி அதை நீக்கப் பழகினார்கள். இதுவரை யாருக்கும் கைகூடவில்லை. அவர் மனைவி ஞானசுந்தரி ஒவ்வொரு பயிற்சி நாளும் வந்து, அந்தக் குளிர்ந்த பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள்.

அன்று டாக்டர் எழிலனின் கம்பி அடைப்பைத் தாண்டியது. கம்பி வழியே போன சிறு பலூன் விரிந்து குழாயைத் திறந்தது. நீலம் பாய்ந்த விரல்கள் சிவந்தன. பாதம் அவள் உள்ளங்கையில் சூடானது.

“சுந்தரி, வலி விட்டுடுச்சு. வா, வீட்டுக்குப் போலாம்” என்றது நகல், அவருடைய குரலில்.

எல்லோரும் கைதட்டினார்கள். “எழிலா, பிரியாணி எப்போடா?” என்று யாரோ கத்தினார்கள்.

“இவரை இப்படியே விட்டுடுங்க டாக்டரம்மா” என்றாள் சுந்தரி.

பயிற்சி தரும் டாக்டர் ஃபர்ஹானா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “அடைப்பு இருந்தாத்தானேம்மா அடுத்தவங்க பழக முடியும்?” என்றபடி, அடைப்பைத் திரும்பக் கொண்டுவரும் பொத்தானை அழுத்தினார்.

அடுத்த டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். சுந்தரி பாதத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். விரல் நுனிகளிலிருந்து சில்லிப்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது.