நாய்களின் இடுகாட்டில் ஒரு தமிழ்க் கல்

ஈபிள் கோபுரத்தைப் பார்த்த மறுநாள், "எல்லாரும் பாக்கிற இடம் போதும் அம்மா. ஊர்ச்சனத்துக்குத் தெரியாத ஒண்டு காட்டுறன்" என்று சங்கவி தன் தாயைப் பாரிஸின் விளிம்பில், ஆற்றங்கரையில் இருக்கும் நாய்களின் இடுகாட்டுக்குக் கூட்டிப் போனாள். புங்குடுதீவிலிருந்து மகளிடம் வந்திருந்த கனகேஸ்வரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பளிங்கில் நாய்க்குட்டிகளின் படங்கள், பீங்கான் ரோஜாக்கள், ஒரு கல்லின் மேல் பழைய டென்னிஸ் பந்து. "எங்கட சனத்துக்கே இப்பிடிக் கல்லு வைக்கேல்லையடி" என்று சொல்லிக்கொண்டே நடந்தவள், ஒரு சின்னக் கல்லின் முன் நின்றுவிட்டாள். அதில் தமிழில் எழுதியிருந்தது: "வீரன். எனக்கிருந்த ஒரே உறவு. புங்குடுதீவு க. சிவலோகன்."

சிவலோகன் அவளுடைய தம்பி. பிரான்சுக்கு வரும் வழியில் படகு கவிழ்ந்து கடலோடு போய்விட்டான் என்று அவனைக் கள்ளமாக அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரன் சொன்னதை நம்பி, இருபது வருடமாக அவனுக்குத் திவசம் கொடுத்து வருகிறார்கள். கல்லில் இருந்த தேதியோ போன மாதத்தது.

"அம்மா, மாமா உயிரோட இருக்கிறார்!" சங்கவி கத்தியேவிட்டாள். "வாங்கோ, வாசல்ல கேப்பம். விலாசம் வச்சிருப்பினம்."

கனகேஸ்வரி அசையவில்லை. விரலால் எழுத்துகளைத் தடவித் தடவித் திரும்பவும் வாசித்தாள்.

"ஒரே உறவாமடி" என்றாள். "அப்ப நாங்கள் ஆர்?"

மழையில்லாத நாள் அது. ஆனாலும் கல்லடிச் சாடியில் இருந்த செவ்வந்திப் பூக்களிலிருந்து, யாரோ சற்று முன்தான் ஊற்றிய தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.