நான்கு நொடித் தாமதம்

பக்கவாதத்தில் வாய்ப்பேச்சு போனபின், மிருதுளாவின் நினைப்பைப் பேச்சாக்கி ஸ்பீக்கரில் சொல்வது மேசையடிக் கணினியில் இருந்த கிராபிக்ஸ் கார்டுதான். நான்கு நொடி தாமதமாகத்தான் சொல்லும். அதற்குள் வீட்டில் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். அவள் பேசுவதையே குறைத்துக்கொண்டாள்.

கணவன் யுகேந்திரன் கார்டின் வேகத்தைக் கூட்டத் தொடங்கினான். நேற்று அந்த அவசரக்குடுக்கை அளவுக்கு மீறிக் கூட்டியதில், கார்டு சூடேறிப் பாதி வாக்கியத்தில் அணைந்துவிட்டது. இன்று இரண்டு படி குறைத்து, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவைத்தான். கார்டு காலையிலிருந்து நிற்காமல் ஓடுகிறது.

மதியம் அக்காவிடம் போனில் பெருமையடித்தான்.

"இன்னைக்கு ரசம் நான்தான் வெச்சேன்க்கா. அப்படியே மிருதுளா கைப்பக்குவம், நீ மட்டும் சாப்பிட்டுப் பார்த்தா..."

"புளுகாதீங்க! ஒரு கல்லு உப்புகூட இல்ல!" என்றாள் மிருதுளா, அவன் முடிப்பதற்குள்.