களவு போன பலகை

"இன்னிக்கும் நாலு பலகையைக் காணோம்!"

கொல்லைக் கதவைப் படாரென்று சாத்திவிட்டு உள்ளே வந்தாள் அவள்.

கணவன் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். பழைய வீடுகளை இடிக்கிற வேலை அவனுக்கு. இடித்த வீட்டுக் கதவு, ஜன்னல் சட்டமெல்லாம் ஓசியில் வரும். பிளந்து அடுக்கினால் குளிர்காலம் முழுக்கக் கூடத்து விறகடுப்புக்குத் தாங்கும்.

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்."

"முழுப் பலகையையா? நக்கலா உங்களுக்கு? எனக்கென்னவோ பக்கத்து வீட்டு நர்ஸ் மேலதான் சந்தேகம். நேத்து நம்ம வேலிகிட்ட நின்னுட்டிருந்தாங்க."

"சேச்சே! யாருக்கு ஒண்ணுன்னாலும் முதல் ஆளா ஓடி வர்றவங்கடி அவங்க."

"வெள்ளை உடுப்பு போட்டா மனசும் வெள்ளையா இருக்கணும்னு சட்டமா என்ன?"

அவன் வேலைக்குப் போய்விட்டான். அவளுக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பால் பொங்கி வழிந்தது. துவைத்த துணியையே மறுபடி துவைக்கப் போட்டாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஜன்னலுக்குப் போய் வேலியைப் பார்த்தாள்.

பொறுக்காமல் எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னாள். மளிகைக் கடைக்காரரிடமும் சொன்னாள். சொன்ன பிறகாவது மனசு ஆறுமா? ஆறவில்லை.

மறுநாள் காலை, குழந்தை எழுவதற்கு முன்பே கொல்லை ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுவிட்டாள்.

வந்தார் நர்ஸ். தோளில் ஒரு சாக்கு. இங்கும் அங்கும் பார்த்துவிட்டு வேலி இடுக்கில் நுழைந்தார். அடுக்கிலிருந்து நீல பெயின்ட் அடித்த பலகை ஒன்றை உருவினார்.

செருப்புகூடப் போடாமல் பாய்ந்தாள் அவள்.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டீங்களா!"

நர்ஸுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. "கத்தாதம்மா, பாப்பா எழுந்துடும்."

"எழுந்திருக்கட்டும்! தெருவே எழுந்திருக்கட்டும்!"

கணவன் ஓடி வந்தான். சத்தம் கேட்டு வந்த எதிர்வீட்டு அக்காவும் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அந்தத் தெம்பில் அவளே சாக்கைப் பிடுங்கித் தலைகீழாகக் கொட்டினாள்.

உருண்டு விழுந்தவை பலகைகள் இல்லை. நன்றாகக் காய்ந்த, பட்டையோடு பிளந்த மர விறகு.

"இது... எங்களோடது இல்லையே?"

"என்னோடதும்மா," என்றார் நர்ஸ். "பத்து நாளா உன் பலகைய எடுத்துட்டு, அடுக்குக்குப் பின்னாடி, உன் வீட்டுக்காரர் ராத்திரி விறகு எடுக்கிற பக்கமா இதை வச்சுட்டுப் போறேன். பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கும். எரிச்சா அந்தப் புகை விஷம். பாப்பா அந்தக் கூடத்துலதானே படுக்குது?"

"வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேனேம்மா. போன மாசம் பாப்பா மூச்சு இழுக்குதுன்னு தூக்கிட்டு வந்தே பாரு, அன்னிக்கு. 'எங்களுக்கு ஓசியில வர்றது உங்க கண்ணை உறுத்துதா'ன்னு கேட்டே. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது?"

அவள் காலடியில் கிடந்த ஒரு கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"ஆமாடி," என்றான் கணவன் மெதுவாக. "இருட்டுல கைக்கு வந்ததைத்தான் அடுப்புல போட்டேன். ஒரு வாரமா பாப்பாவுக்கு இழுப்பே இல்ல."

"உங்க பலகை ஒண்ணைக்கூட நான் எரிக்கல. எல்லாம் எங்க கொட்டகையில இருக்கு. அலமாரி, பெஞ்சுன்னு எதாவது செஞ்சுக்குங்க. அடுப்புல மட்டும் வைக்காதீங்க." நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். "டியூட்டிக்கு நேரமாச்சு, வரேம்மா."

அவர் போய்விட்டார். எதிர்வீட்டு அக்காவின் தலையையும் காணோம்.

அவளுக்கு நிலைகொள்ளவில்லை. கொட்டிய விறகைச் சாக்கில் அள்ளினாள். இதையாவது திருப்பிக் கொடுத்தால்தான் மூச்சு விட முடியும் போலிருந்தது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"திறந்துதான் இருக்கு!"

உள்ளே கால் வைத்ததும் தரை ஐஸாகச் சில்லிட்டது. நாற்காலியில் ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட்டு, அதற்கும் மேல் கம்பளி. அவ்வளவுக்கும் நடுவிலிருந்து நர்ஸின் கணவர் மூக்கை மட்டும் நீட்டினார். சாக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, விறகா! மகராசியா இரும்மா. எங்க வீட்டு அடுப்பு எரிஞ்சு பத்து நாளாச்சு. எவனோ தினமும் எங்க விறகைத் திருடிட்டுப் போறானாம். வீட்டுக்காரி சொல்றா!"