ஒண்ணும் தெரியாத சங்கரேஸ்வரி

தனசீலன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தே விட்டார்.

"ஏட்டி கிளாரா, எந்திரி. ரூம்ல பிஸ்கட் இருக்கு. அது போதும் நமக்கு."

மும்பையிலிருந்து கோவா போய்த் திரும்புகிற கப்பலின் சாப்பாட்டு ஹால் அது. இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு மகன் பிரைட்டன் எடுத்துக் கொடுத்த டிக்கெட். ஆசையாகத்தான் வந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்து பார்த்தால் தட்டுக்கு இந்தப் பக்கம் முள்கரண்டிகள், அந்தப் பக்கம் கத்தியும் ஸ்பூனும் வரிசையாகக் கிடக்கின்றன. மெனு கார்டில் இருந்ததோ, இங்கிலீஷ் படித்தவர்களுக்கே வாயில் நுழையாத பெயர்கள்.

தாராவியில் பை தைக்கிற பட்டறை வைத்து, பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிற மனுஷன்தான். ஆனால் எப்போதோ ஒரு பெரிய ஹோட்டல் பார்ட்டியில் இவர் சாப்பிட்ட விதத்தைப் பார்த்து யாரோ சிரித்துத் தொலைத்துவிட்டார்கள். அன்றோடு சரி. அதற்கப்புறம் அந்த மாதிரி இடத்துக்குத் தானும் போனதில்லை, கிளாராவையும் கூட்டிப் போனதில்லை.

இப்போது எழுந்து போனால், ஊர் திரும்பும்வரை ரூமை விட்டு வெளியே வரமாட்டார். கிளாராவுக்குத் தெரியும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து, சாய்நாத் என்ற சர்வர் இன்னொரு தம்பதியை அதே மேசைக்குக் கூட்டி வந்தான். வந்த அம்மாள் ஒரு நிமிஷம் நின்று அவனிடம் ஏதோ பேசிவிட்டு, இவர்களைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். தன் பெயர் சங்கரேஸ்வரி, வீட்டுக்காரர் சுயம்பு, நவி மும்பையில் நெருளிலிருந்து வருகிறோம் என்றாள்.

"உக்காருங்கண்ணே. பேச்சுத் துணைக்குத் தமிழ் ஆளுக கிடைச்சதே பெருசு."

கூப்பிட்டு உட்காரச் சொன்னபின் எப்படிப் போவது? தனசீலன் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தார்.

அடுத்து அந்த அம்மாள் ஆரம்பித்தாள் பாருங்கள். அக்கம்பக்கத்து மேசையெல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஹிந்தியில் ஒரே சத்தம்.

"பேட்டா, இந்தக் கார்டுல இருக்கிறதுல எதை வேணும்னாலும் கேக்கலாமா? தனியா பைசா கட்டணுமா?"

சாய்நாத் அதைவிடச் சத்தமாகச் சொன்னான். கார்டில் இருக்கிற சாப்பாடு எல்லாமே டிக்கெட்டில் சேர்த்தி, குடிக்கிற சரக்குக்கு மட்டும் தனிக் கணக்கு. பிடித்தால் இன்னொரு தடவை கேட்கலாம், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

பெயர் புரியவில்லையே, என்ன செய்வது என்றாள். கோழியா மீனா, காரம் வேண்டுமா வேண்டாமா என்று சொன்னால் போதும், நான் பார்த்துக் கொண்டுவருகிறேன் என்றான். இத்தனை கரண்டி எதற்கு என்றாள். வெளிப்பக்கம் இருப்பதை முதலில் எடுக்கணும், ஒவ்வொரு ஐட்டத்துக்கும் உள்ளே வந்துகொண்டே இருக்கணும் என்றான். வெறும் சோறும் ஊறுகாயும் கேட்டால் கொடுப்பார்களா என்றுகூடக் கேட்டுவிட்டாள். பாவம் சுயம்பு, மானம் போகிறதே என்று நாப்கினால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தவர் நிமிரவே இல்லை.

கிளாராவுக்கு உயிர் வந்தது. இந்த அம்மாள் பக்கத்தில் இருக்கும்போது நம்மை யார் பார்க்கப் போகிறார்கள்? கண்ணை மூடி மனசுக்குள் ஜெபம் பண்ணினாள். ஆண்டவரே, எங்களைவிட ஒண்ணும் தெரியாத ஒரு ஆளை இந்த மேசைக்கு அனுப்பினீரே, உமக்கு ஸ்தோத்திரம்.

கண்ணைத் திறந்தபோது தனசீலன் சாய்நாத்தைக் கூப்பிட்டு, காரமாக மீன் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு மீனை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடியே சட்டையை மாற்றிக்கொண்டு, "கிளம்பலையா இன்னும்?" என்று கிளாராவை விரட்டினார். இத்தனை வருஷத்தில் அவள் காதில் விழாத பேச்சு.

கடைசி நாள் ராத்திரிச் சாப்பாட்டில் அவருக்கு வந்த தைரியத்தைச் சொல்லி மாளாது. சங்கரேஸ்வரி கத்தியைத் தலைகீழாகப் பிடித்துக் கோழியோடு மல்லுக்கட்டியதைப் பார்த்துப் பொறுக்கமுடியாமல், பாடமே எடுத்துவிட்டார்.

"முள்கரண்டி இடது கையில, கத்தி வலது கையில. அழுத்தப்படாது. இந்தா, இப்படி. கூச்சப்படாதீங்க தங்கச்சி, முதல்ல எல்லாருக்கும் அப்படித்தான்."

"அப்படியாண்ணே? நல்லவேளை, நீங்க சொல்லிக் கொடுத்தீங்க" என்று அவளும் பயபக்தியோடு வெட்டிக் காட்டினாள். தனசீலன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. கிளாரா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கப்பல் மும்பைக்கு வந்துவிட்டது. தனசீலன் பெட்டிகளை எடுக்கப் போயிருந்தார். டீ கொண்டுவந்த சாய்நாத்தின் கையைப் பிடித்து நன்றி சொன்னாள் கிளாரா. "அந்தம்மாவால உனக்குத்தான் ரொம்பத் தொந்தரவு. பாவம், விவரம் இல்லாதவங்க. நீ கோபப்படாம பதில் சொன்னியே, ஆண்டவர் உன்னை நல்லா வச்சிருப்பார் பேட்டா."

அவன் சிரித்தான். மும்பை வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று அந்தம்மாவின் உத்தரவு, இப்போதுதான் மும்பை வந்துவிட்டதே என்றான்.

"சார் அன்னைக்கு எழுந்திரிச்சு ஏதோ சொன்னார். எனக்குத் தமிழ் புரியல, அவங்களுக்குப் புரிஞ்சது. 'என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே, நான் என்ன கேட்டாலும் சத்தமா பதில் சொல்லு'ன்னு என் காதுல சொல்லிட்டுத்தான் உக்காந்தாங்க ஆன்ட்டி."

"உனக்கு அவங்களை முன்னாடியே தெரியுமா?"

"நெருள்ல ஹோட்டல் மேனேஜ்மென்ட் காலேஜ்ல, மேசையில எப்படிச் சாப்பிடணும், எப்படிப் பரிமாறணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்த டீச்சரே அவங்கதானே."