அறுந்த நிமிஷம்

“மனுஷன் கண்டுபிடிச்சதுலயே சாக்குச் சொல்லத் தெரியாதது கடிகாரம் ஒண்ணுதான் மேடம்,” என்றார் மதிப்பீட்டாளர். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தவர், நான்கு நிமிடம் வாசலிலேயே நின்று, சரியாகப் பத்துக்குக் கதவைத் தட்டி, உட்காருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டார்.

கடலடியில் கேபிள் அறுந்தால் எந்த நிறுவனம் எத்தனை நாளில் ஒட்டுகிறது என்று அளந்து, ஐந்து நிறுவனங்களையும் வரிசைப்படுத்துவது அவர் வேலை. யாரையும் சாராதவர் என்பதற்காகவே கேபிள் உரிமையாளர் சங்கம் அவரை அமர்த்தியிருந்தது. ஐந்து நிறுவனங்களிலும் அவருக்குப் பெயர் ஸ்டாப்வாட்ச்.

எதிரே இருந்த தலைமைப் பொறியாளர் டீக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். ஸ்டாப்வாட்ச் அதே மரியாதையோடு அதைத் திருப்பி நகர்த்திவிட்டு, பையிலிருந்து தன் ஃப்ளாஸ்கை எடுத்து வைத்தார். அடுத்தவர் டீ ஒரு வாய் உள்ளே போனால் நடுநிலை வெளியே போய்விடும் என்பது அவர் கொள்கை.

முதலில் கேபிள் அறுந்த பக்கத்தைக் காட்டச் சொன்னார். பதிவேட்டில் அந்த மாதம் மூன்றாம் தேதி, காலை 4.12 என்று இருந்தது. அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு, மூணுதானா என்று இரண்டு தடவை கேட்டார். இவ்வளவு நுணுக்கமான மனுஷரா என்று பொறியாளருக்கே ஒரு மதிப்பு வந்தது.

ஒட்டி முடித்தது இருபத்திரண்டாம் தேதி. ஆக, பத்தொன்பது நாள். நான்காம் இடத்தில் இருந்த நிறுவனம் பதினேழு நாளில் முடித்திருந்தது. கடைசி இடம் என்றால் ஒப்பந்தம் போகும், கப்பலைக் கரையில் கட்டிவிடுவார்கள், அதில் இருக்கும் அறுபத்திரண்டு பேரும் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

பொறியாளர் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். கடலில் இறங்க அனுமதிக் கடிதம் வருவதற்கே எட்டு நாள். பிறகு ஐந்து நாள் அலை. கொக்கி போட்டுத் தூக்கிய கேபிள் இரண்டு தடவை நழுவி, மறுபடி அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. தலைமுடி மாதிரி இருக்கும் கண்ணாடி இழைகளை, ஆடுகிற கப்பலில் உட்கார்ந்து ஒட்டி முடிக்க ஆனது ஆறே நாள்.

“அந்த அஞ்சு நாள் அலையையாவது கழிச்சுக்குங்க சார். கடல் எங்க பேச்சைக் கேக்குமா?”

ஸ்டாப்வாட்ச் சிரித்தார். மற்ற நான்கு நிறுவனத்தாரும் இதே பாட்டைத்தான் பாடினார்களாம். ஒருவர் கப்பல் கிளம்பியதிலிருந்துதான் எண்ண வேண்டும் என்றாராம். பரீட்சைக்கு ஒரு மணி நேரம் கழித்து வந்துவிட்டு, பேனா மூடியைத் திறந்ததிலிருந்துதான் நேரம் என்று கேட்கிற பையனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்றார்.

“அறுந்த நிமிஷம் ஆரம்பம், ஒட்டின நிமிஷம் முடிவு. நடுவுல நீங்க அலையைப் பாத்தீங்களா, ஆகாசத்தைப் பாத்தீங்களா, அதெல்லாம் என் கணக்குல வராது.”

இதற்கு மேல் கெஞ்சுவது பொறியாளருக்குப் பழக்கமில்லை. மேசையில் காகிதங்களின்மேல் கனத்துக்காக வைத்திருந்த கேபிள் துண்டை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். பேச்சை மாற்றுவதற்காக, மனதில் எதுவும் வைத்துக்கொள்ளாமல்தான் அதைக் கேட்டார்.

“உங்க போன வருஷ அறிக்கை இந்த மாசம் ஒண்ணாந்தேதியே வரவேண்டியது, இல்லையா சார்? நேத்துதான் வந்துச்சு.”

ஸ்டாப்வாட்ச் ஃப்ளாஸ்க் மூடியை இறுக்கினார். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது. எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். அறிக்கை ஏன் தாமதம் என்று சங்கம் விளக்கம் கேட்டிருந்தது. சரியான காரணம் இல்லையென்றால் அடுத்த வருஷம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம். மூன்றாம் தேதியிலிருந்து ஊரே நெட் இல்லாமல் கிடந்ததால் அந்த நாட்களுக்குக் கேபிளைக் கைகாட்டிவிடலாம். ஒன்றாம் தேதிக்கும் இரண்டாம் தேதிக்கும்தான் கைகாட்ட எதுவும் இல்லை. அந்த இரண்டு நாளும் அவர் முன்னுரையை எழுதிக்கொண்டிருந்தார். அதன் தலைப்பு, ‘காலந்தவறாமை’.

“அறுந்தது மூணாந்தேதிதான், நான் இல்லைன்னு சொல்லல,” என்றார் ஸ்டாப்வாட்ச், குரலைத் தணித்து. “ஆனா நைய ஆரம்பிச்சது ஒண்ணாந்தேதியா இருக்கலாம் இல்லையா? ஒண்ணாந்தேதியில இருந்தே லைன் சரியில்லைன்னு ஒரு கடிதம் குடுத்தீங்கன்னா...”

பொறியாளர் கேபிள் துண்டைக் கீழே வைத்தார். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

“குடுத்தா எங்க கணக்கு இருபத்தோரு நாள் ஆயிடும் சார். உங்க கடிகாரத்துக்குத்தான் சாக்குச் சொல்லத் தெரியாதே.”

ஸ்டாப்வாட்ச் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார். அன்றைக்கென்று அது தட்டில் ஊற்றி வைத்த தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. பிறகு, மேசையில் ஆறிப்போயிருந்த டீயை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து ஒரு வாய் குடித்தார். பேனா மூடியைத் திறந்தார்.

“அலை எத்தனை நாள்னு சொன்னீங்க?”

“அஞ்சு நாள், சார்.”

“போதுமா?”