விட்டுப்போன முதல் மணி

"சார், உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

எக்ஸ்பிரஸ் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர் டீயைச் சிந்திவிட்டார். ஆமை மட்டும் அசையவில்லை.

இரண்டும் அலுவலகம் வைத்த பெயர்கள். வேலை ஒன்றுதான். புரதம் என்பது மணி கோத்த மாலை மாதிரி. கோத்து முடிந்த பிறகு எந்த மணியில் பாஸ்பேட் என்ற ரசாயனத் துணுக்கு வந்து ஒட்டுகிறது என்று ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, உலகமே பார்க்கும் தகவல் தளத்தில் குறிக்க வேண்டும். அவள் படபடவென்று குறித்துத் தள்ளுவாள். மூத்தவரான அவர் துருவித் துருவிப் பார்த்த பிறகுதான் விடுவார்.

"என் தங்கச்சி கட்டுரையை மட்டும் நாள் கணக்கா அமுக்கி வச்சிருக்கீங்க. நாளைக்கு அவளுக்கு இன்டர்வியூ. தளத்துல ஏறலைன்னா வேலை கிடைக்காமப் போயிடும்!"

"பாத்துக்கிட்டுதாம்மா இருக்கேன்."

"மீட்டிங்ல உங்களை மடக்கினேன்ல, அதுக்குத்தானே பழி வாங்குறீங்க? என்மேல கோவம்னா என்கிட்ட காட்டுங்க!"

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "மதியத்துக்குள்ள ஏத்திடறேன்."

சொன்னபடியே ஏற்றிவிட்டார். சண்டை போட்டால்தான் ஆமை நகரும் என்று கேன்டீன் முழுக்கத் தமுக்கடித்துவிட்டு, தங்கைக்குப் போன் போட்டாள் எக்ஸ்பிரஸ்.

"பாத்தியாடி? அக்கா நினைச்சா நடக்கும்!"

"பாத்தேன்க்கா. உங்க சார் தங்கமான மனுஷன்."

"யாரு, அந்த ஆமையா?"

"ஆமாக்கா. கட்டுரையில நாங்க போட்டிருந்த இடமே தப்பு. முதல் மணியை உடம்பே வெட்டி எறிஞ்சுடும். ஆனா எண்ணும்போது அதையும் சேர்த்துத்தான் எண்ணணுமாம். அது விட்டுப்போச்சு. எல்லாமே ஒரு மணி தள்ளிப் போயிருக்கு. அப்படியே ஏத்தியிருந்தா இன்டர்வியூல என் மானம் போயிருக்கும். அவர்தான் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்காரங்க பின்னாடியே அலைஞ்சு, இன்னைக்குக் காலையில திருத்தம் போட வச்சாரு."

எக்ஸ்பிரஸுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுப்பாளா?

"அதுசரி, எந்த முட்டாள்டி இப்படி எண்ணினது? எங்க ஆபீஸ்ல இருந்தா சீட்டைக் கிழிச்சிருப்பாங்க!"

தங்கை குரலைத் தாழ்த்தினாள்.

"அவரும் கேட்டாருக்கா. போன வருஷம் நான் கேட்டப்போ நீதான் அவசரத்துல எண்ணிக் குடுத்தேன்னு சொன்னேன். அதை மட்டும் உன்கிட்ட சொல்லிடாதேன்னாரு."