பாலத்தில் எதிர்ப்பக்கமாக வந்தவள்

பாலம் முழுக்க நாங்கள்தான். ராஜாவின் ஆட்சி விழுந்துவிட்டதென்று வானொலி சொல்லி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. பாக்தாத்தே டைக்ரிஸைக் கடந்து அரண்மனைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

தப்பியோடிய அரண்மனைக் காவலர்களைத் தேடத்தான் நானும் கம்போடு கிளம்பியிருந்தேன்.

எதிரே ஒருத்தி மட்டும் வந்தாள். கையில் தோல் பை. மருத்துவச்சி ஸக்கியா. எங்கள் தெருவில் பாதிப் பேரை வெளியே இழுத்துப் போட்டவள், என்னையும் சேர்த்து.

"என்னம்மா, ஊரே இந்தப் பக்கம் போவுது, நீ மட்டும் அந்தப் பக்கமா?" என்று ஒருவன் கேலி பேசினான்.

"புள்ளைக்கு ஊர் நடப்பு தெரியலப்பா. கால முன்னால நீட்டிக்கிட்டு நிக்குது. இன்னும் அரை மணி போனா தாயும் தங்க மாட்டா."

"யாருக்கு?" என்றேன்.

"என் மகளுக்கு."

கம்பைக் கீழே போட்டேன். பையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, "பிரசவம், வழி விடுங்க" என்று கத்தினேன். கூட்டாளிகள் இருவர் கம்புகளோடு முன்னால் நடந்தார்கள்.

அந்தச் சொல் எங்களுக்கு முன்னே வாய்க்கு வாய் ஓடியது. கோஷம் அடங்கியது. அத்தனை ஆயிரம் பேரும் பக்கவாட்டில் நெருங்கி, கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நின்றார்கள். ராணுவ லாரிகூட ஒதுங்கி நின்றது. நடுவில் ஒரு ஆள் போகுமளவு பாதை, அக்கரை வரைக்கும். ராஜாவுக்குக்கூட அப்படி யாரும் வழி விட்டு நான் பார்த்ததில்லை.

அக்கரையில் பிரசவ வீட்டுக்குள் அவள் போனாள். கூட்டாளிகள் வாசலில் நின்றார்கள். நான் முற்றத்தில் காத்திருந்தேன்.

ரொட்டி அடுப்பில் துணி எரிந்துகொண்டிருந்தது. சாம்பலில் ஒரு பித்தளைப் பொத்தான் கிடந்தது. கிரீடம் பொறித்தது, அரண்மனைக் காவலர் சட்டையில் இருப்பது.

அப்போதுதான் நினைவு வந்தது: ஸக்கியாவுக்குப் பிள்ளையே கிடையாது. வலி கண்டவளை எல்லாம் மகள் என்பாள்.

வாசலைப் பார்த்தேன். ஒரு குரல் கொடுத்தால் போதும்.

உள்ளே குழந்தை அழுதது.

ஸக்கியா அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். "ரெண்டு பேரும் பொழச்சுட்டாங்க. காதுல பாங்கு சொல்ல ஆம்பள வேணும். தகப்பன் பஸ்ராவுல இருக்கான். நீ சொல்லு."

அந்தச் சின்னக் காதருகே குனிந்தேன். காலையிலிருந்து கத்தித் தொண்டை கட்டியிருந்தது. முணுமுணுப்பாகத்தான் முதல் வரி வந்தது.

தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டால் எங்களுக்கு வாய் தானாகத் திருப்பிச் சொல்லும். பிறந்தது முதல் பழக்கம்.

முற்றத்தோரம் பூட்டியிருந்த கோதுமை அறைக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் அந்த வரியைத் திருப்பிச் சொன்னது.

வாசலில் பேச்சு நின்றது.

இரண்டாவது வரியை, தொண்டை கிழிந்தாலும் பரவாயில்லையென்று, தெருவே அதிரச் சொன்னேன்.